தப்பாகச் சொன்ன இரண்டு அர்த்தங்கள்

பதினாறு வருஷத்தில் ஃபெபி தன் புருஷன் அருள்சாமிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு அர்த்தம் சொல்லியிருக்கிறாள். அவற்றில் இரண்டுக்கு மட்டும்தான் தப்பாகச் சொன்னாள்.

அவளுடைய வேலை அப்படிப்பட்டது. அமெரிக்காவில் எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒருவர் நோயாளியைப் பார்த்துவிட்டு, கண்டதையெல்லாம் மளமளவென்று ஒரு கருவியில் பேசிவைப்பார். அந்தக் குரல் கடல் தாண்டி, மலையேறி, ஏற்காடு ஒண்டிக்கடை முக்கிலிருந்து கீழே இறங்கும் சந்தில் உள்ள அவர்கள் வீட்டுக்கு வரும். ஃபெபி ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதை எழுத்தாக்க வேண்டும். முதலில் சேலத்தில் ஓர் ஆபீஸில் உட்கார்ந்து செய்தாள். பிறகு வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார்கள். இந்த நாலைந்து வருஷமாக முதல் எழுத்து வேலையை மெஷினே செய்துவிடுகிறது; அது தப்பாகக் கேட்டதைத் திருத்துவது மட்டும்தான் அவள் வேலை. ஆனாலும் ஒவ்வொரு வார்த்தையையும் காது கொடுத்துத்தான் கேட்க வேண்டும்.

சேர்ந்த முதல் மாதத்தில் 'சிங்கபி' என்று ஒரு டாக்டர் சொன்னதை வைத்துக்கொண்டு அரைநாள் தடுமாறினாள். அகராதியில் அந்த ஓசையில் ஒரு வார்த்தையும் இல்லை. கடைசியில் பார்த்தால், எழுதும்போது 'சின்கோப்' என்று இருப்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். மயங்கி விழுவதற்குப் பெயர். அன்று சாயங்காலம் எஸ்டேட்டிலிருந்து வந்த அருள்சாமியிடம் இதைச் சொல்லி அழாத குறையாகப் புலம்பினாள். அவனோ சட்டையைக்கூடக் கழற்றாமல் அதை இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான்.

அருள்சாமி ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் கணக்கு எழுதி செக்ரோல் என்கிற சம்பளப் பேரேட்டை முடிப்பது, பறித்த பழ மூட்டைகளை எடை பார்ப்பது, லாரிக்குச் சீட்டுப் போடுவது எல்லாம் அவன் பொறுப்பு. மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவன். இங்கிலீஷில் எப்போதும் அவன்தான் முதல். அப்பா திடீரென்று இறந்துபோனதும் படிப்பு நின்றது. அண்ணன் ஆண்டனி ராஜ் தோட்ட வேலைக்குப் போனார். பின்னாலேயே இவனும் போனான். அந்தப் பாதியில் நின்ற இங்கிலீஷ் அவனுக்குள் எப்படியோ உயிரோடுதான் இருந்தது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் காப்பி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டே கேட்பான்.

"ஏன் ஃபெபி, இன்னைக்கி என்ன வார்த்த?"

அவள் அன்றைக்குக் கேட்டதில் அபூர்வமான ஒன்றைச் சொல்வாள். எழுத்து, ஓசை, அர்த்தம், எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்பது வரை நோட்டில் ஏறிவிடும், தேதியோடு. வயிறு கடமுடா என்று சத்தம் போடுவதற்கு 'போர்போரிக்மி' என்று பெயர் என்று தெரிந்த அன்று அவனுக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. மறுநாள் எஸ்டேட்டில் சாப்பாட்டு மணி அடிக்கத் தாமதமானதும் மேனேஜரிடமே போய், "சார், எல்லாருக்கும் போர்போரிக்மி ஆரம்பிச்சிருச்சுங்க" என்று சொல்லிவிட்டு வந்தான். மேனேஜர் ஏதோ தொற்றுநோய் என்று பயந்துபோனாராம். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்கள்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமே பெரிய சண்டையில்தான் நடந்தது. அவன் மாதா கோயில்காரன், அவள் சி.எஸ்.ஐ. கோயில். "அந்தப் புள்ள கால் வெச்ச எடத்துல நான் கால் வெக்க மாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு ஆண்டனி ராஜ் பெண்டாட்டி பிள்ளைகளோடு குடகுக்குப் போய்விட்டார். அங்கேயும் காப்பித் தோட்டம்தான். இருபது வருஷமாகத் தபாலும் இல்லை, போனும் இல்லை. யாரோ ஊர்க்காரர் மூலமாக நம்பர் மட்டும் அருள்சாமியிடம் வந்து சேர்ந்திருந்தது. அவன் ஒருமுறைகூட அதை அழுத்தியதில்லை. ஃபெபியும் அழுத்தச் சொன்னதில்லை. ஆண்டனி ராஜ் அந்த வார்த்தையைச் சொன்னபோது அவள் கல்யாணப் புடவையில் நின்றுகொண்டிருந்தாள், அது மறக்கக்கூடியதில்லை.

போன ஆடி மாதம் அருள்சாமியின் கண் மஞ்சளித்தது.

மஞ்சள் காமாலைதானே என்று மலைக்குள் ஒரு வைத்தியரிடம் மூன்று வாரம் கீழாநெல்லி அரைத்துக் குடித்தான். மஞ்சள் குறையவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டி வந்தது. வலி மட்டும் இல்லை. வலி இல்லாத மஞ்சள் என்பதுதான் ஃபெபியைப் பயமுறுத்தியது. அப்படி ஆரம்பிக்கும் ரிப்போர்ட்டுகளை அவள் நிறையக் கேட்டிருக்கிறாள். அவை எப்படி முடியும் என்பதும் தெரியும். அவனை வற்புறுத்தி சேலத்துக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தாள்.

டாக்டர் அவனை ரத்தம் கொடுக்க அனுப்பிவிட்டு இவளை மட்டும் உட்காரச் சொன்னார். அவள் என்ன வேலை செய்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற சின்ன டாக்டரிடம் இங்கிலீஷில் வேகமாகப் பேசினார். அதில் 'மெட்டாஸ்டேஸிஸ்' என்று ஒரு வார்த்தை வந்தது. ஃபெபி பதினாறு வருஷமாக அதை வேறு மாதிரி கேட்டுப் பழகியவள்; அமெரிக்க டாக்டர்கள் நடுவில் அழுத்தி, கடைசியைச் சுருக்கிச் சொல்வார்கள். அதனால் ஒரு நொடி அவளுக்கு அது தெரியாத வார்த்தையாக இருந்தது. அந்த ஒரு நொடி அவள் புருஷனுக்கு ஒன்றும் இல்லை. அடுத்த நொடி புரிந்துவிட்டது: கேன்சர், பரவியும் விட்டது. பிறகு வந்த 'அன்ரிசெக்டபிள்' என்பதும் புரிந்தது, ஆபரேஷனுக்கு வழியில்லை. அவள் விரல்கள் மடியில் கிடந்த கைப்பையின் மேல் தாமாகவே அந்த வார்த்தையை டைப் அடித்தன.

டாக்டர் தமிழுக்கு மாறினார். "இப்போதைக்கு அடைப்பு எடுக்க ஒரு ட்யூப் வெச்சுடுவோம்மா. மஞ்சள் இறங்கட்டும். உடம்புல தெம்பு வந்தா மேல பார்க்கலாம். அவர்கிட்ட எல்லாத்தையும் உடனே சொல்லணும்னு இல்ல. கிறிஸ்துமஸ் வரைக்குமே என்னால உறுதியா சொல்ல முடியாது."

மத்தியான பஸ்ஸில் மலையேறினார்கள். அடிவாரம் தாண்டி முதல் வளைவு திரும்பியதும் அருள்சாமி அவள் மடியிலிருந்த கவரை எடுத்துப் பிரித்தான். பஸ் ஆட ஆட, விரலை வைத்து வரிவரியாக எழுத்துக் கூட்டினான்.

"நியோ... பிளாஸ்டிக். ஏன் ஃபெபி, பிளாஸ்டிக்குங்கறான்? வயித்துக்குள்ள பிளாஸ்டிக் எப்புடிப் போச்சு?"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அருள்சாமியும் சிரித்தான். மஞ்சள் கண்ணும் ஒட்டிய கன்னமுமாக அவன் சிரித்ததைப் பார்த்தபோது ஃபெபிக்கு வாயில் வந்தது வேறாகிவிட்டது.

"அந்த பிளாஸ்டிக் இல்லீங்க. நியோன்னா புதுசு. புதுசா வளந்த சதைன்னு அர்த்தம். கொழுப்புக் கட்டியாட்டம். அது பித்தக் கொழாய அமுக்கிக்கிட்டு இருக்குது, அதான் மஞ்சளு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

"கட்டிக்கு என்ன பந்தாவா பேரு வெக்கறான் பாரு" என்றான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கவரின் முதுகிலேயே எழுதிக்கொண்டான். நியோபிளாஸ்டிக், புதிதாக வளர்ந்த சதை. வீட்டுக்குப் போய் நோட்டில் ஏற்றினான். ஃபெபி அடுப்படியில் நின்று, அவன் உதடு அசைந்து அசைந்து அதைச் சொல்லிப் பழகுவதைப் பார்த்தாள்.

ட்யூப் வைத்த பிறகு மஞ்சள் இறங்கியது. கொஞ்சம் சாப்பிட்டான். ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்ட தாளை வீட்டு வாசலில் வெயிலில் உட்கார்ந்து படித்தவன், "இதென்ன, பேலியேட்டிவ்?" என்றான்.

ஃபெபி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கையிலிருந்த துண்டை இரண்டு முறை உதறினாள்.

"தற்காலிகம்னு அர்த்தங்க. இப்போதைக்கு வெச்சிருக்கற ட்யூபு. அப்பறமா எடுத்துருவாங்க."

அவன் தலையை ஆட்டினான். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொன்னான். எழுதிக்கொண்டான்.

அன்று மாலை, காப்பி குடித்துக்கொண்டே, "ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப அண்ணன் நெனப்பாவே இருந்துச்சு ஃபெபி" என்றான். "இப்பக் கொஞ்சம் தேவலையாத்தான இருக்குது. குடகுக்கு ஒருவாட்டி போயிட்டு வந்துரலாமா? பஸ்ல ஒரு நாளு. எனக்கும் வயசு அம்பதாச்சு, அவருக்கும் அறுவதாச்சு. இன்னும் எத்தன நாளைக்கி மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருக்கறது?"

"ஒடம்பு நல்லாத் தேறட்டுங்க. கிறிஸ்துமஸுக்குப் போலாம்."

"கிறிஸ்துமஸுக்கா? சரி. பண்டிகைக்குப் போனாத்தான் மரியாத."

கிறிஸ்துமஸ் என்று தன் வாயால் ஏன் சொன்னாள் என்று பிற்பாடு ஃபெபி எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறாள். அவனுக்கு உண்மை தெரியக்கூடாது என்பதற்காகத்தானா? பயணம் போனால் உடம்புக்கு ஆகாது என்பதற்காகவா? இல்லை, கல்யாணப் புடவையில் நின்று கேட்ட அந்தச் சொல்லுக்காகவா? மூன்றும் இருந்திருக்கலாம். எது எவ்வளவு என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அருள்சாமி எஸ்டேட்டுக்குப் போவது நின்றுவிட்டது. பொழுது போகாமல் பழைய நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தான். சில பக்கங்களில் தனியாகச் சிரிப்பான். ஒரு நாள் முற்பகல், ஃபெபி ஜன்னலோரம் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தபோது அவன் வந்து பக்கத்தில் நின்றான். அவன் வாய் அசைவது தெரிந்ததே தவிர ஒன்றும் கேட்கவில்லை. கழற்றினாள்.

"நாஞ் சொல்றேன், சரியான்னு பாரு" என்று சொல்லிவிட்டு நோட்டைப் பார்த்துப் படித்தான். "பேலியேட்டிவ். மொத எழுத்துல அழுத்தணும். குணமாக்கறதுக்கு இல்ல. குணமாகாத வியாதிக்காரங்களுக்கு, சாகற வரைக்கும் கஷ்டம் தெரியாமப் பாத்துக்கறது. ரெண்டாயிரத்துப் பதினாறு, மார்ச் மாசம் நாலாந்தேதி. நீ சொன்னது, நான் எழுதுனது."

ஃபெபி எழுந்திருக்கவில்லை. கழுத்தில் கிடந்த ஹெட்போனில் யாரோ ஒரு டாக்டர் பேசிக்கொண்டே இருந்தார்.

"அப்ப அந்த பிளாஸ்டிக்கு?"

அவள் அந்தக் குரலை நிறுத்தினாள்.

"கேன்சரா?"

ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

அழுவான், அல்லது அவளைத் தேற்றுவான் என்றுதான் நினைத்தாள். அவன் இரண்டும் செய்யவில்லை. அத்தனை வருஷத்தில் பார்க்காத ஒரு கோபம் அவன் முகத்தில் வந்தது. குரலை உயர்த்தக்கூட இல்லை.

"யாரோ முன்னப்பின்னத் தெரியாத அமெரிக்காக்காரன் வியாதிய ஒரு எழுத்துத் தப்பில்லாம எழுதற. ஒரு வார்த்த காதுல வுழுகலீன்னா பத்துத் தடவ கேட்டு எழுதற. என்ற வியாதிய மட்டும் எனக்குத் தப்பாச் சொன்னியே."

"நீங்க ஒடைஞ்சு போயிருவீங்கன்னுதானுங்க..."

"ஒடையறதோ நிக்கறதோ நான் பாத்துக்க மாட்டனா? எனக்கு நாள் கம்மின்னு தெரிஞ்சிருந்தா எங்க அண்ணனப் போய்ப் பாத்திருப்பேன். அன்னிக்கு நடந்து பஸ் ஏறத் தெம்பு இருந்துச்சு. இன்னிக்குக் கக்கூஸுக்குப் போக செவுத்தப் புடிக்கறேன்."

அவன் நோட்டை மேசை மேல் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. கொடுத்த கஞ்சியைக் குடித்தான், மாத்திரையைப் போட்டுக்கொண்டான், அவ்வளவுதான். சாயங்காலம் காப்பி கொண்டுபோனால் டம்ளரை வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் பார்ப்பான். ஃபெபி அடுப்படியில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதாள். மன்னிப்புக் கேட்கப் போய் இரண்டு முறை வாசற்படியிலேயே நின்று திரும்பினாள்.

மூன்றாம் நாள் காலையில் அவனே கூப்பிட்டான்.

"ஃபெபி, அண்ணனுக்குப் போன் போடு."

"நீங்க பேசறீங்களா?"

"எனக்கு மூச்சு வாங்குது. நீ பேசு."

இருபது வருஷம் கழித்து அந்த நம்பரை அழுத்தியது அவள்தான். அந்தப் பக்கம் தமிழும் கன்னடமும் கலந்த ஒரு கரகரப்பான குரல் வந்தது. "மாமா, நான் ஏற்காட்டுல இருந்து ஃபெபி பேசறேனுங்க. அவருக்கு நொம்ப முடியல. உங்களப் பாக்கணுங்கறாரு" என்றாள். அவர் பக்கத்தில் இருந்த யாரிடமோ கன்னடத்தில் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு, "வாரேன்னு சொல்லும்மா" என்றார்.

வருகிறார் என்று சொன்னதும் அருள்சாமி அவள் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

குடகில் பழம் பறிப்பு ஆரம்பிக்கும் நேரம். லீவு வாங்கி, மழையில் பஸ் மாறி மாறி ஆண்டனி ராஜ் வந்து சேர நாலு நாள் ஆகிவிட்டது. அதற்குள் அருள்சாமிக்குக் காய்ச்சல் வந்து, மஞ்சள் மறுபடி ஏறி, மூளை தடுமாற ஆரம்பித்திருந்தது. ஃபெபியை ஒரு நேரம் அம்மா என்றான், ஒரு நேரம் டீச்சர் என்றான். ஆஸ்பத்திரி இனி வேண்டாம் என்று அவனே முன்பு சொல்லியிருந்ததால் வீட்டிலேயே வைத்திருந்தாள்.

ஆண்டனி ராஜ் ஒரு மத்தியானம் நனைந்த மப்ளரோடு வாசலில் வந்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. அருள்சாமியின் அதே மூக்கு. செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கணம் நிலைப்படியைப் பார்த்துத் தயங்கி, உள்ளே வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, "தம்பி" என்றார்.

அருள்சாமி கண்ணைத் திறந்தான். அவரையே உற்றுப் பார்த்தான். எழுந்திருக்க முயற்சி செய்தான்.

"சார்" என்றான். "செக்ரோல் முடிஞ்சுருச்சுங்க சார். மேக்காட்டு ஆளு மட்டும் இன்னும் வரல."

ஆண்டனி ராஜ் திரும்பி ஃபெபியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தம்பி, நாந்தான்டா, அண்ணன் வந்திருக்கேன்."

"ஆகட்டுங்க சார். இருந்து முடிச்சுக் குடுத்துட்டே போறேனுங்க."

பெரியவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தம்பியின் நெற்றியில் கை வைத்தார்.

"வேண்டாம் அருளு" என்றார். "பாக்கி வேலைய நான் பாத்துக்கறேன். நீ ஊட்டுக்குப் போ."

"சரிங்க சார்" என்று அருள்சாமி கண்ணை மூடிக்கொண்டான்.

இரண்டாம் நாள் காலை, பத்து மணி இருக்கும், மூச்சு நின்றது. மாதா கோயில் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். ஃபெபியின் கோயிலிலிருந்து போதகரும் வந்து, ஒரு ஓரமாக நின்று ஜெபம் செய்துவிட்டுப் போனார். எஸ்டேட் ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். மழை விட்டு, பனி மட்டும் இருந்தது.

எல்லாரும் கலைந்த பிறகு வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். ஆண்டனி ராஜ் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தார்.

"கேன்சருன்னாங்க. எங்கம்மா வந்துச்சு அவனுக்கு? உனக்குத்தான் எல்லாம் தெரியும்னாங்க."

"கணையத்துலங்க மாமா."

"கணையம்னா?"

ஃபெபி விழித்தாள். அதற்கு இங்கிலீஷில் எத்தனை வார்த்தை வேண்டுமானாலும் அவளுக்கு வரும். தலை, உடல், வால் என்று அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் தெரியும். தமிழில் அந்த ஒரு சொல்லுக்கு மேல் தெரியவில்லை. தன் வயிற்றின் மேல் கையை வைத்துக் காட்டினாள்.

"இங்க, எரைப்பைக்குப் பொறத்தால, ஒரு நீட்டமான சதைங்க. நாக்காட்டம் இருக்கும். அதுல கட்டி வந்து, ஈரலுக்குப் பரவிருச்சு. அறுத்து எடுக்க..."

அதே செய்தியை நூறு பேருக்காவது அவள் டைப் அடித்திருப்பாள். 'அன்ரிசெக்டபிள்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அறுத்து எடுக்க முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தரையில் உட்கார்ந்து, அருள்சாமி செத்த பிறகு முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். பெரியவர் எழுந்துபோய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

தண்ணீரைக் குடிக்காமலே அவள் சொல்லி முடித்தாள். "அறுத்து எடுக்க முடியாதுன்னு மொத நாளே டாக்டர் சொல்லிட்டாரு மாமா. எனக்கு மொத நாளே தெரியும். அவருகிட்ட நாந்தான் மறைச்சேன். உங்களப் பாக்கப் போலாம்னு கேட்டாரு. அப்ப நடக்கத் தெம்பு இருந்துச்சு. கிறிஸ்துமஸுக்குப் போலாம்னு நாந்தான் தள்ளிப் போட்டேன்."

வெளியே யாரோ ஆடு ஓட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"அப்பவே வந்திருந்தா என்னைய அடையாளம் தெரிஞ்சிருக்கும் அவனுக்கு" என்றார் ஆண்டனி ராஜ்.

"ஆமாங்க மாமா."

"ம்" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. ஏழாம் நாள் பூசை முடியும்வரை இருந்தார். ஒழுகிக்கொண்டிருந்த கூரை ஓடுகளை மாற்றிக் கொடுத்தார். விறகு பிளந்து அடுக்கினார். போகிற அன்று பஸ் ஸ்டாண்டு வரை ஃபெபி கூடப் போனாள். பஸ் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாக, "தனியா இருக்காத, யாரையாச்சும் தொணைக்கு வெச்சுக்க" என்றார்.

ஃபெபி மறுபடி வேலைக்கு உட்கார ஒரு மாதம் ஆயிற்று. இப்போது எப்போதும்போலச் செய்கிறாள். சில ரிப்போர்ட்டுகளின் நடுவில் மட்டும் நிறுத்திவிட்டு, எழுந்து வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வருவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் விட்டு வந்ததும் குடகிலிருந்து போன் வருகிறது. இரண்டு பேருக்கும் பேச அதிகம் இல்லை.

"மழையாம்மா?" என்பார் அவர்.

"பனிதானுங்க மாமா. அங்க எப்புடீங்க?"

"இங்கயும் அப்புடித்தான். சாப்புட்டியா?"

"சாப்புட்டேனுங்க" என்பாள். பல நாள் அப்போதுதான் அடுப்பையே பற்ற வைத்திருப்பாள்.